தம்பியின் வழக்குக்காக நான் படித்த இயக்கங்கள்

என் தம்பி 2019 மே மாதம், நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானான். வீட்டுக்கு வந்தது வருடக் கடைசியில், மாரி மழை பிடித்த பிறகு. இடையில் சட்டத்தரணி, அடகுக் கடை, கொழும்பு வான், நீதிமன்ற வாசல் என்று ஓடியது நான் ஒருத்திதான். வாப்பா மௌத்தாகிப் பல வருடம். உம்மாவுக்குச் சீனி வருத்தம். என் கணவர் கட்டாரில். லீவு கேட்டால் வேலையே போகும் என்ற நிலை. என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. வரப் பயந்தார்கள் என்பதுதான் சரி. இன்றும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு ராத்தாவோ உம்மாவோ இப்படித் தனியாக நிற்கக்கூடும் என்பதற்காகவே எழுதுகிறேன். சட்ட நடைமுறை கொஞ்சம் சொல்வேன். ஆனால் நான் அதிகம் சொல்லப் போவது இன்னொன்று: இஸ்லாமிய இயக்கங்களுக்கிடையே என்ன வித்தியாசம், அவை ஏன் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்பது. அது தெரியாமல் போயிருந்தால் தம்பியின் வழக்கு எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என மூன்று தேவாலயங்கள், கொழும்பில் பெரிய ஹோட்டல்கள், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில், அந்தத் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவரான சஹ்ரானின் வாப்பாவும் சகோதரர்களும் இருந்த வீட்டில் சண்டை நடந்தது. எங்கள் ஊர் அங்கிருந்து தூரமில்லை. வெடிச்சத்தம் கேட்டது. பிள்ளைகளும் அந்த வீட்டில் செத்துப்போனார்கள் என்று விடிந்த பிறகு தெரிந்தது. அந்தக் கிழமை எனக்கு இருந்தது பயத்தைவிட வெட்கம். நான் பாடசாலையில் படிப்பிக்கிறவள். கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் பக்கத்து மேசை. அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்க என்ன செய்வீங்க டீச்சர்" என்று அவரே சொன்னார். அதற்கும் எனக்குப் பதில் வரவில்லை.

தம்பிக்கு சந்தியில் ஒரு சின்னக் கணினிக் கடை இருந்தது. டைப் செய்வது, போட்டோகொபி, போனுக்குப் பாட்டும் பயானும் (மார்க்கப் பேச்சும்) ஏற்றிக் கொடுப்பது, அவ்வளவுதான். கடையைச் சோதித்தபோது கணினியில் சஹ்ரானின் பயான் ஒன்று கிடந்தது. யாரோ வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவந்து, போனுக்கு மாற்றித் தரச் சொன்னது. மாற்றிய பிறகு அழிக்காமல் விட்ட கோப்புறையில் இருந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்தார்கள். வாப்பா அந்தக் காலத்து ஆசிரியர், கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவர். அவருடைய அலுமாரியில் அரபு எழுத்தில் இருந்த எல்லாவற்றையும், 'ஜிஹாத்' என்ற சொல் அட்டையில் தெரிந்த எல்லாவற்றையும், குசினியில் கிடந்த யூரியாப் பை இரண்டில் போட்டுக் கட்டினார்கள். சோதித்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் எழுதிய பட்டியலில் சிங்களத்தில் ஒரே வரி: அரபுப் புத்தகங்கள், இரண்டு பை. எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்த வருடம், ஒன்றும் இல்லை.

இங்கே முதல் குறிப்பு. பொருள் எடுத்துச் செல்லும்போது பட்டியல் ஒவ்வொன்றாக எழுதப்பட வேண்டும் என்று தாழ்மையாகக் கேளுங்கள். எழுத மறுத்தால் சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் போன உடனே, நினைவு இருக்கும்போதே, நீங்களே ஒரு பட்டியல் எழுதித் திகதி போட்டு, வீட்டில் இருந்த இன்னொருவரின் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். நான் அன்றிரவே சஹர் வரைக்கும் இருந்து எழுதினேன். பின்னால் சட்டத்தரணிக்கு மிகவும் உதவியது அந்தக் கொப்பித் தாள்தான். கைது செய்கிறவர் யார், எந்தப் பிரிவு, எங்கே கொண்டுபோகிறார் என்பதைச் சொல்லும் கைதுப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தில் கைது நடந்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது கைது செய்தவர்களின் கடமை. அறிவித்தார்களா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்களும் போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரு விடயம் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் மனுப் போடும் வாய்ப்பையே இழந்தன. உடனே விட்டுவிடுவார்கள், பெரிதாக்க வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

அப்போதிருந்த சட்டப்படி அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு மூன்று மாதம். அதையே நீட்டி நீட்டி 18 மாதம் வரை வைக்கலாம். 2022இல் செய்த திருத்தத்தில் அது 12 மாதமாகக் குறைந்தது. சாதாரண வழக்கைப் போல நீதவான் பிணை கொடுப்பார் என்று நான் நம்பியிருந்தேன். முதல் நாளே சட்டத்தரணி தலையை ஆட்டிவிட்டார். அவர் சிங்களவர், நல்ல மனிதர், நேரடியாகப் பேசுகிறவர். "டீச்சர், இந்தப் புத்தகங்கள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விசாரிக்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்கு நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். எது எந்தக் கூட்டம், யாருக்கு யார் எதிரி, எல்லாவற்றையும்" என்றார்.

என்னிடமும் விசாரித்திருந்தார்கள். தம்பி தப்லீக்கா, தௌஹீதா, ஜமாஅதே இஸ்லாமியா, ஐ.எஸ்.ஸா என்று கேட்டார்கள். தப்லீக் என்றால் ஊர் ஊராகப் போய்த் தொழுகைக்கு அழைக்கிறவர்கள். தௌஹீத் என்றால் தர்ஹா, மவ்லித் கூடாது என்கிறவர்கள். ஐ.எஸ். என்பது ஈராக்கிலும் சிரியாவிலும் எழுந்த ஆயுத இயக்கம். ஏதோ ஒரே பஸ்ஸின் அடுத்தடுத்த தரிப்பிடங்கள் மாதிரி, ஒன்றில் ஏறினால் கடைசியில் ஐ.எஸ்.ஸில் போய் இறங்குவோம் என்பது போல. நான் பிறந்து வளர்ந்த ஊரில் தப்லீக்காரரும் தௌஹீத்காரரும் ஒருவர் பின்னால் ஒருவர் தொழமாட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்கும் அப்போது தெரியும். சரி, படிப்போம் என்று உட்கார்ந்தேன். தராவீஹ் தொழுகை முடிந்து உம்மா படுத்த பிறகு, இரவிரவாக. வாப்பாவின் பட்டியலையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டேன்.

பட்டியலில் முதலாவது, வாப்பாவின் வாப்பா காலத்து மவ்லித் கிதாபு. அரபு எழுத்தில் இருந்தது, ஆனால் மொழி தமிழ். எங்கள் மூத்தம்மாமார் ஓதிய அரபுத்தமிழ். நபியவர்களையும் முஹிய்யத்தீன் ஆண்டவர்களையும் புகழ்ந்து பாடுவது. சஹ்ரான் காத்தான்குடியில் பேர் எடுத்ததே இந்த மாதிரி மவ்லித், தர்ஹா, சூஃபி தரீக்காக்களை (ஞானவழிக் கூட்டங்களை) திட்டித்தான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூஃபிக் கூட்டத்தாரோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். ஆக, சஹ்ரானின் ஆள் என்று சந்தேகிக்கப்படுகிறவன் வீட்டிலிருந்து எடுத்த சான்று, சஹ்ரான் கையில் கிடைத்தால் எரித்திருக்கக்கூடிய புத்தகம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமான சிரிப்புத்தான்.

அடுத்தது மௌதூதி. 1941இல் லாகூரில் ஜமாஅதே இஸ்லாமியைத் தொடங்கியவர். ஆட்சி அதிகாரம் அல்லாஹ்வுக்கே என்ற வாதத்தை நவீன அரசியல் மொழியில் எழுதியவர் அவர். அதே நேரம் அவருடைய கட்சி பாகிஸ்தானில் தேர்தலில் நின்ற கட்சி. எகிப்தில் 1928இல் ஹசனுல் பன்னா தொடங்கிய இக்வான்களும் (முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்) அப்படித்தான்: பாடசாலை, ஆஸ்பத்திரி, சங்கம், தேர்தல். இந்த இரண்டு வட்டத்தையும் ஐ.எஸ். எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 2016இல் தன் ஆங்கில இதழில் இக்வான்களை மதம் மாறிய துரோகிகள் என்றே தலைப்புப் போட்டு எழுதியது. தேர்தலில் நிற்பது ஐ.எஸ். பார்வையில் அல்லாஹ்வுக்கு இணைவைப்பு. மௌதூதி புத்தகம் வைத்திருப்பது ஐ.எஸ். ஆதரவுக்குச் சான்றாகாது என்பதற்கு ஐ.எஸ்.ஸின் சொந்த எழுத்தே போதும் என்று குறிப்பில் எழுதினேன்.

சையித் குதுப் விடயம் அவ்வளவு இலேசில்லை, அதை மழுப்பவும் நான் விரும்பவில்லை. வாப்பாவிடம் அவருடைய குர்ஆன் விரிவுரையின் தமிழ்ப் பெயர்ப்பு ஒரு பாகம் இருந்தது. இக்வான் எழுத்தாளரான குதுப், எகிப்து ஜனாதிபதி நாஸரின் சிறையில் வதைபட்டவர், 1966 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டவர். முஸ்லிம் நாடுகள் என்று சொல்லிக்கொள்கிறவையும் இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தில்தான் வாழ்கின்றன என்று எழுதினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சில இளைஞர்கள் 'அப்படியானால் இந்த ஆட்சியாளன் முஸ்லிமே இல்லை' என்ற இடத்துக்குப் போனார்கள். இக்வான்களின் அன்றைய தலைவர் ஹுதைபி, நாம் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்ல என்று சிறைக்குள்ளிருந்தே அவர்களை மறுத்தார். ஹுதைபியின் பக்கம் நின்றவர்கள் அரசியல் கட்சியானார்கள். மற்றப் பக்கம் போனவர்களில் ஒருவரான அப்துஸ் ஸலாம் பரஜ், ஜிஹாத் என்பது மறக்கப்பட்ட கடமை, அதற்கு முதல் இலக்கு தூரத்து யூதனல்ல, பக்கத்தில் உள்ள நம் ஆட்சியாளன் என்று எழுதினார். அவருடைய கூட்டம்தான் 1981 ஒக்டோபரில் எகிப்து ஜனாதிபதி சாதாத்தைச் சுட்டது. ஆகவே குதுபை வாசித்தவர் எல்லாம் ஆயுதம் எடுத்தார் என்பது பொய். ஆயுதம் எடுத்த பலர் குதுபை வாசித்தார் என்பது உண்மை. இரண்டையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். சட்டத்தரணி, இரண்டாவதை விட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் சேர், அதை விட்டால் முதலாவதையும் நம்பமாட்டார்கள் என்றேன். இப்படியான குறிப்பு எழுதுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். 'இதற்கும் இஸ்லாத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் கேட்கிறவர் அந்த இடத்திலேயே கொப்பியை மூடிவிடுவார்.

அதற்குப் பிறகு நான் போனது ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா. இங்கே நிறைய இரவு போயிற்று, ஆனால் கண் திறந்ததும் இங்கேதான். சோவியத் படை 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் வந்தபோது, பிடிக்கப்பட்ட முஸ்லிம் மண்ணைக் காப்பது ஒவ்வொருவர் மேலும் கடமை என்று பெஷாவரிலிருந்து அறபு இளைஞர்களைக் கூப்பிட்டவர் அப்துல்லாஹ் அஸ்ஸாம். அவரோடு இருந்த உசாமா பின் லாதின் 1988இல் அல்காயிதாவைத் தொடங்கினார். பரஜ் பக்கத்து எதிரி என்றார். பின் லாதின் 1990களில் அதைப் புரட்டி, பக்கத்து ஆட்சியாளனைத் தாங்கிப் பிடிப்பது அமெரிக்கா, ஆகவே முதலில் தூரத்து எதிரி என்றார். இதே தொண்ணூறுகளில் அல்ஜீரியாவில் ஜி.ஐ.ஏ. என்ற ஆயுதக் குழு, தங்களோடு சேராத பொதுமக்களையே காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று தீர்த்துக் கிராமம் கிராமமாகக் கொன்றது. அதைச் சகிக்காமல் அதன் ஒரு பகுதி 1998இல் பிரிந்து வேறு குழுவானது. ஒரு பிளவைப் படித்து முடித்தால் அதற்குள் இன்னொரு பிளவு இருந்தது.

ஐ.எஸ்.ஸின் வேர் ஜோர்தான்காரரான சர்காவி. 2004இல் பின் லாதினுக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்து ஈராக்கில் அல்காயிதாவானார். ஆனால் அவருக்கு அமெரிக்கனைவிட ஷீஆவைக் கொல்வதில்தான் ஆர்வம். அல்காயிதாவின் இரண்டாம் ஆளான ஸவாஹிரி 2005இல் அவருக்குக் கடிதம் எழுதி, சாதாரண ஷீஆக்களை ஏன் தாக்குகிறாய், மக்கள் வெறுக்கிறார்கள், தலை வெட்டும் காட்சிகளை நிறுத்து என்று கண்டித்தார். சர்காவிக்குச் சிறையில் பாடம் எடுத்த மக்திசியும் முன்பே எச்சரித்திருந்தார். கேட்கவில்லை. அதே வருடம் நவம்பரில் அம்மான் ஹோட்டல்களில் குண்டு. ஒன்றில் கல்யாண வீடு. சர்காவி 2006இல் கொல்லப்பட்டாலும் அந்த வழி நின்றது. 2013இல் அந்தக் கூட்டத்தின் தலைவர் பக்தாதி, சிரியாவில் சண்டையிட்ட நுஸ்ரா முன்னணியும் தன்னுடையதே என்று அறிவித்தார். நுஸ்ராத் தலைவர் ஜோலானி மறுத்து ஸவாஹிரியிடம் போனார். 2014 பெப்ரவரியில் அல்காயிதா பக்தாதியின் கூட்டத்தைத் தன்னுடையதல்ல என்று கைகழுவியது. ஜூன் 29இல் பக்தாதியின் கூட்டத்தார் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பெயரில் கிலாபத்தை, அதாவது கலீஃபா ஆட்சியை அறிவித்து, உலகத்து முஸ்லிம்கள் எல்லோரும் பைஅத் செய்ய வேண்டும் என்றார்கள். அதே ஜோலானி 2016இல் அல்காயிதாவையும் விட்டு விலகி, கடைசியில் அஹ்மத் அஷ்ஷரஃ என்ற சொந்தப் பேரில் 2025இல் சிரியாவின் ஜனாதிபதியாகக் கோட்டும் டையும் போட்டு நின்றார். நான் குறிப்பு எழுதிய காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

தாலிபானும் ஐ.எஸ்.ஸும் ஒருவரையொருவர் சுடுகிறார்கள். காஸாவில் 2009 ஆகஸ்டில் ரஃபா பள்ளிவாசல் ஒன்றில் ஒரு ஷெய்க் இஸ்லாமிய எமிரேட் அறிவித்தபோது, அங்கே புகுந்து அவர்களை அடக்கியது ஹமாஸ். எல்லோருக்கும் தாடி, எல்லோரிடமும் அதே குர்ஆன் ஆயத்துகள். இவர்களை எதை வைத்துப் பிரிப்பது என்று குழம்பி, கடைசியில் நான் ஒரு கேள்வியில் வந்து நின்றேன்: யாரைக் காஃபிர் என்கிறார்கள், அந்த வட்டம் எவ்வளவு தூரம் விரிகிறது? இதற்குப் பெயர் தக்ஃபீர், கலிமாச் சொன்ன ஒருவரை இஸ்லாத்திலிருந்து வெளியேற்றித் தீர்ப்புச் சொல்வது. முதலில் ஆட்சியாளன் காஃபிர். பிறகு அவனுடைய இராணுவமும் பொலிஸும். பிறகு வாக்குப் போட்டவன். பிறகு இவர்களையெல்லாம் காஃபிர் என்று சொல்லத் தயங்குகிறவனும் காஃபிர். ஐ.எஸ்.ஸுக்குள்ளேயே ஹாஸிமி என்ற ஆலிமைப் பின்பற்றியவர்கள் இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை என்றார்கள். பின்அலீ என்ற அவர்களுடைய பெரிய ஆலிம் எங்காவது நிறுத்த வேண்டும் என்றார். 2017 மேயில் தலைமை முதல் கூட்டத்தின் பக்கம் சாய்ந்து சுற்றறிக்கை விட்டது, செப்டெம்பரில் அதையே வாபஸ் வாங்கியது. ரக்கா நகரும் மோசுல் நகரும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் உட்கார்ந்து இதற்காகத்தான் அடிபட்டார்கள். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே நான்காம் கலீஃபா அலி ரழியல்லாஹு அன்ஹு அவர்களை, தீர்ப்பு அல்லாஹ்வுக்கே என்று சொல்லி 661இல் கொன்ற கவாரிஜ்களை எங்கள் ஆலிம்கள் இவர்களோடு ஒப்பிடுவது இதனால்தான். 2014 செப்டெம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலிம்கள் பக்தாதிக்கு எழுதிய திறந்த மடலும் தக்ஃபீரைத்தான் ஒரு முக்கியக் குற்றமாக எடுத்தது.

இனி சஹ்ரானுக்கு வருவோம், ஏனென்றால் வழக்கு நின்றது கடையில் கிடந்த அந்த ஒரு பயான் வீடியோவில். விசாரணையில் அது 'ஐ.எஸ். தலைவரின் பிரசாரம்' என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் சஹ்ரான் முழு வாழ்க்கையும் ஐ.எஸ். அல்ல. மத்ரஸாவிலிருந்து விலக்கப்பட்டு, ஒரு தௌஹீத் சங்கத்தோடு முறித்து, தேசிய தௌஹீத் ஜமாஅத்தைத் தொடங்கி, 2015 பொதுத் தேர்தலில் வேட்பாளர்களோடு உடன்படிக்கைகூடச் செய்தவர். 2017 மோதலுக்குப் பிறகு அவருடைய ஜமாஅத்தே அவரை விலக்கியது. ஐ.எஸ்.ஸுக்கு பைஅத் செய்யும் காணொளியில் முகம் மூடாமல் நின்ற ஒரே ஆளாக உலகம் அவரைப் பார்த்தது 2019 ஏப்ரல் 23இல். கடையில் கிடந்தது 2017க்கு முந்தியது, மவ்லித் கூடாது என்று சூஃபிகளைத் திட்டும் பயான். முரட்டுப் பேச்சுத்தான், எனக்குப் பிடிக்காத பேச்சுத்தான். ஆனால் அந்த நாளில் அதை வைத்திருந்தவர்கள் ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள். கோப்பு எந்தத் திகதியில் கணினிக்கு வந்தது, பயான் எந்த வருடத்தது, அதில் என்ன சொல்லப்படுகிறது என்று மொழிபெயர்த்துத் தரச் சொல்லி சட்டத்தரணி எழுத்தில் கேட்டார். வழக்கு திரும்பியது அங்கேதான். உங்கள் வீட்டிலும் ஒரு காணொளியோ புத்தகமோ சான்றாக எடுக்கப்பட்டால் முதலில் திகதியைப் பிடியுங்கள். பேசியவர் பின்னால் என்ன ஆனார் என்பதை வைத்து முன்னால் கேட்டவனைத் தீர்க்க முடியாது. கணினிக் கடை வைத்திருக்கிறவர்கள், வாடிக்கையாளரின் கோப்பை வேலை முடிந்த கையோடு அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் சோதனை தொடங்கிவிட்டால் ஒரு எழுத்தையும் அழிக்காதீர்கள். அழித்தது அழிக்கப்பட்டதாகவே தெரியும், அதுவே தனிக் குற்றமாக வந்து நிற்கும்.

பெயர்ப் பிரச்சினையும் பெரிய பிரச்சினை. இலங்கையில் தௌஹீத் ஜமாஅத் என்ற சொல்லைப் பெயரில் வைத்த சங்கங்கள் பல. ஒன்றிலிருந்து ஒன்று உடைந்தவை, ஒன்றையொன்று மேடையில் கிழிப்பவை. தமிழ்நாட்டுத் தௌஹீத் ஜமாஅத்தும் சஹ்ரானின் அமைப்புக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. தம்பியின் போனில் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுமத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. அது ஜனாஸாச் (இறுதிச் சடங்கு) செலவுக்குக் காசு சேர்க்கும் குழுமம். குழுமத்தில் கடைசி ஆறு மாதம் பேசியதை முழுவதும் அச்சடித்து, சிங்களத்தில் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். கை வலித்தது. 2021 ஏப்ரலில் அரசாங்கம் 11 அமைப்புகளைத் தடை செய்தபோது ஐ.எஸ்., அல்காயிதா இரண்டோடும் உள்ளூர்த் தௌஹீத் சங்கங்களும் மாணவர் இயக்கமும் ஒரே பட்டியலில் வந்தன. 2023இல் அவற்றில் சில நீக்கப்பட்டன. ஆகவே ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டிய பற்றுச்சீட்டு, கூட்ட அழைப்பிதழ் என்று எது இருந்தாலும் திகதியோடு வைத்திருங்கள். தடைக்கு முந்தியதா பிந்தியதா என்பது அதில்தான் தெரியும்.

காசு பற்றிச் சொல்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டத்தரணிக்கும் கொழும்புப் பயணத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமாக ஐந்து இலட்சத்துக்கு மேல் போனது. என் காப்பும் தாலிக்கொடியும் அடகில் போயின. கொடியை மீட்க முடியவில்லை, வட்டியிலேயே முழுகியது. போட்டோகொபி மெஷின் லீசிங்கில் எடுத்தது, அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். கடைச் சொந்தக்காரர் முதல் மாதமே சாவியைக் கேட்டுவிட்டார். பாடசாலையில் சம்பளமில்லா லீவும் சேர்ந்தது. இதெல்லாம் போக, பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது, மூன்று இலட்சம் தந்தால் கிழமைக்குள் வெளியே எடுக்கலாம் என்று ஒருவர் வந்தார். நான் பற்றுச்சீட்டு கேட்டதும் எழுந்து போனார். அடுத்த தெருவில் ஒரு உம்மா காணியை ஈடு வைத்துக் கொடுத்துவிட்டார். அதோடு அந்த ஆளின் போன் வேலை செய்யவில்லை. தடுப்புக்காவல் உத்தரவை எந்தத் தரகராலும் உடைக்க முடியாது.

ஊர் என்னைத் தனியே விட்டதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு கடிதம் கேட்டேன், இவன் இந்த ஊர்ப் பிள்ளை, எந்த ஆயுத இயக்கத்திலும் இல்லை என்று. "மகள், இப்ப எழுதினா எங்களையும் கேப்பாங்க" என்று தலைவர் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை, அதனால் கோபம் இன்னும் அதிகம். கிராம சேவகர் தமிழர். அவர் எழுதித் தந்தார். அந்தக் கிறிஸ்தவ டீச்சர் தன் சகோதரரைக் கொண்டு என் குறிப்பை நல்ல சிங்களத்தில் திருத்தித் தந்தார். யார் உதவுவார் என்று முன்கூட்டித் தீர்மானித்து உட்காராதீர்கள், எல்லாக் கதவையும் தட்டுங்கள்.

நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அவன் இல்லாமல் போயின. சட்டமா அதிபரின் அறிவுறுத்தல் வந்த பிறகு நீதவான் விடுவித்தார். வந்தவன் பல மாதம் போனைத் தொடவில்லை, பள்ளிக்குப் போகவும் பயந்தான். இப்போது அக்கரைப்பற்றில் ஒருவரிடம் கணக்கெழுதுகிறான். என்னிடம் மாணவர்களின் உம்மாமார் சிலர் வந்து, பிள்ளை எந்த ஜமாஅத்துக்குப் போனால் ஆபத்து டீச்சர் என்று கேட்கிறார்கள். ஜமாஅத்தின் பெயரைக் கேட்டு ஒன்றும் ஆகாது, அவன் பேச்சைக் கேளுங்கள் என்கிறேன். பக்கத்து வீட்டு முஸ்லிமை முஸ்லிம் இல்லை என்கிறானா? வாப்பாவின் பின்னால் தொழ மறுக்கிறானா? ஊர் ஆலிம்கள் எல்லோரும் கூலிக்காரர், தூரத்தில் முகம் தெரியாத ஒருவர் மட்டும் உண்மை பேசுகிறார் என்கிறானா? பைஅத், ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக நாடு விட்டுப் போவது) என்ற சொற்கள் திடீரென்று வருகின்றனவா? தாடி வளர்த்தான், பாட்டுக் கேட்பதை விட்டான் என்பதற்காகப் பதறாதீர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மேலே சொன்னவை ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள், அடிக்காதீர்கள். அவன் மதிக்கும் ஒரு மௌலவியை, முடிந்தால் அவன் சார்ந்த கருத்தின் பக்கமே நிற்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவையுங்கள். சூஃபி மௌலவியை அனுப்பினால் முதல் வசனத்திலேயே காது மூடிவிடும்.

கடைசியாக ஒன்று, வழக்கு முடிகிற அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது. விடுதலை நாளிலேயே எடுத்த பொருட்களைத் திருப்பித் தரும்படி நீதவானிடம் கேட்கச் சொல்லி சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். உங்கள் கைப்பட்டியலை அன்றைக்குக் கையில் வைத்திருங்கள். எங்களுக்கு மடிக்கணினி வந்தது, ஹார்ட் டிஸ்க் இல்லாமல். புத்தகப் பையில் ஒன்று வந்தது. மற்றதுக்கு விண்ணப்பம் கொடுத்து, அதன் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.